இந்தக் குளிரில் வியர்வையே வராது. ஆடினால் இதயத்துக்கு வேலை கிடைக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கோத்தகிரி தையல்:

வணக்கம். எனக்கு 51 வயது. கோத்தகிரியில் டானிங்டன் பக்கம் வீடு. 28 வருடமாகத் தையல்தான் பிழைப்பு. ரவிக்கை, பள்ளிச் சீருடை, சுடிதார், பழசைப் பிரித்துத் தைப்பது, எல்லாம் உண்டு. முன்பு காலால் மிதிக்கிற மெஷின். ஆறு வருடத்துக்கு முன்னால் மோட்டார் வைத்தேன். வேலை இரண்டு மடங்கு ஓடுகிறது, கால் மட்டும் சும்மா கிடக்கிறது. அதன் பலன் இடுப்பில் தெரிகிறது.

போன மாதம் பிபி பார்த்தபோது 148/94. மாத்திரை ஆரம்பித்துவிட்டார்கள். டாக்டரம்மா சொன்னது இரண்டே விஷயம்: உப்பைக் குறை, தினமும் அரை மணி நேரம் நட. கருவாட்டையும் ஊறுகாயையும் எப்படியோ விட்டுவிட்டேன். நடப்பதற்கு இடம்தான் இல்லை. வீட்டிலிருந்து ரோட்டுக்கு ஏற 84 படி. ரோட்டுக்கு வந்தால் இந்தப் பக்கம் ஏற்றம், அந்தப் பக்கம் இறக்கம். ஏற்றத்தில் நெஞ்சு அடைக்கிற மாதிரி மூச்சு வாங்குகிறது. இறக்கத்தில் முட்டி பிடிக்கிறது. விடியற்காலையில் கிளம்பினால் தேயிலைக்குள்ளிருந்து கரடி வருமோ என்று பயம். சாயங்காலம் என்றால் காட்டெருமை ரோட்டை மறித்துக்கொண்டு நிற்கும், அது நகரும்வரை நாமும் நிற்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதுவும் கிடையாது.

இந்த நிலையில் பக்கத்து வீட்டுப் படகர் குடும்பத்தில் ஒரு கல்யாணம். அவர்கள் ஊருக்கு, ஹட்டி என்பார்கள், அங்கே போயிருந்தேன். சாப்பாடு முடிந்து ஆட்டம் ஆரம்பித்தது. ஓரமாக நின்ற என்னை அந்த அக்கா இழுத்துவிட்டுவிட்டார். எனக்கு அடி தெரியாது, முன்னால் போகிறவரின் காலைப் பார்த்தே ஆடினேன். எத்தனை நேரம் என்று தெரியவில்லை. வெளியே வந்தபோது மூச்சு வாங்கியது, ஆனால் படி ஏறும்போது வருகிற மாதிரி பயமாக இல்லை. அன்று ராத்திரி நல்ல தூக்கம்.

மறுநாளிலிருந்து வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பாட்டுப் போட்டு ஆடுகிறேன். மெஷினையும் துணி மூட்டையையும் தள்ளினால் ஆறடிக்கு ஐந்தடி இடம் கிடைக்கிறது. கோவையிலிருக்கும் மகள் ஜும்பா வீடியோ அனுப்பினாள். அதில் அந்தப் பெண் குதிக்கிற குதியைப் பார்த்தே என் முட்டி வலித்தது. வீட்டுக்காரர், இந்த வயதில் குத்தாட்டமா என்று சிரிக்கிறார்.

கேட்க வேண்டியது இதுதான். நடைக்குப் பதில் ஆட்டம் போதுமா? எத்தனை நிமிடம்? அப்புறம் முக்கியமானது: வியர்த்தால்தான் உடற்பயிற்சி என்று எல்லோரும் சொல்கிறார்கள். இங்கே ஜனவரியில் அரை மணி நேரம் ஆடினாலும் ஒரு பொட்டு வியர்வை வராது. பின் எதை வைத்துக் கணக்குப் பார்ப்பது?

ஏரிக்கரை நடையன்:

சகோதரி, நான் கொடைக்கானல். ஏரியைச் சுற்றி ஏறக்குறைய 5 கிலோமீட்டர், பெரும்பாலும் சமதளம். 12 வருடமாகத் தினமும் ஒரு சுற்று. 1863-ல் ஓடையை மறித்து ஏரி உண்டாக்கிய லெவிஞ்ச் துரைக்கு மனதுக்குள் ஒரு நன்றி சொல்லிவிட்டுத்தான் கிளம்புவேன். என்னைக் கேட்டால் நடைக்கு ஈடு எதுவும் இல்லை. ஆட்டம் பாட்டம் எல்லாம் பத்து நாள் உற்சாகம், பதினோராம் நாள் காணாமல் போகும். பஸ் ஏறியாவது ஒரு மைதானத்துக்குப் போய் நடங்கள்.

கோத்தகிரி தையல்:

அண்ணா, உங்களுக்கு ஏரி இருக்கிறது. எனக்குப் பஸ் பிடிக்கவே 84 படி ஏற வேண்டும். போய்வரும் நேரத்தில் ஒரு ரவிக்கை தைத்துவிடலாம்.

குன்னூர் சிஸ்டர்:

அம்மா, உங்கள் கேள்விக்கு முன்னால் எனக்கு இரண்டு கேள்வி. நான் 31 வருடம் செவிலியராக இருந்தவள், கடைசி 9 வருடம் கோவையில் இதயப் பிரிவில். அந்தப் பழக்கம் விடவில்லை.

முதல் கேள்வி. “நெஞ்சு அடைக்கிற மாதிரி” என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அது வெறும் மூச்சு வாங்குவதா, இல்லை நெஞ்சில் ஒரு பாரமா, இறுக்கமா? நின்றால் போய்விடுகிறதா? தாடைக்கோ இடது கைக்கோ பரவுகிறதா? 51 வயதில், பிபி இருக்கிறவர், ஏற்றத்தில் நெஞ்சு அடைக்கிறது என்று சொன்னால் நான் ஆட்டத்தைப் பற்றிப் பேச மாட்டேன், முதலில் டாக்டரிடம் அனுப்புவேன். இந்த வார்த்தையை அப்படியே அவரிடம் சொல்லுங்கள். பெண்கள் இதைக் கேஸ் என்று சொல்லிச் சொல்லியே காலம் கடத்துகிறார்கள், பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. உட்கார்ந்திருக்கும்போதே அப்படி வந்தால் யோசிக்காமல் 108.

இரண்டாவது, என்ன மாத்திரை? அட்டையைப் பார்த்துப் பெயரை எழுதுங்கள். நாடியை எண்ணலாமா கூடாதா என்பது அதைப் பொறுத்தது.

இரண்டுக்கும் பதில் வரட்டும், பிறகு விவரமாக எழுதுகிறேன். அதுவரை மெதுவாக ஆடுங்கள்.

ஹட்டிக்காரன்:

எங்கள் ஆட்டத்தைப் பற்றி வந்ததால் நானும் எழுதுகிறேன். நான் படகர், வயது 58, சர்க்கரை உண்டு. எங்கள் ஆட்டத்தை உடற்பயிற்சி என்று நாங்கள் நினைத்ததே இல்லை. கல்யாணத்திலும் ஆடுவோம், ஹெத்தையம்மன் பண்டிகைக்கும் ஆடுவோம், சாவு வீட்டிலும் ஆடுவோம். ஆனால் நீங்கள் சொன்ன பிறகு யோசித்துப் பார்த்தேன். ஆரம்பத்தில் அடி மெதுவாக இருக்கும், பெரியவர்கள் நிதானமாகச் சுற்றுவார்கள். போகப் போக வேகம் கூடும். கடைசியில் இளவட்டங்கள் மட்டும்தான் தாக்குப்பிடிப்பார்கள். களைத்தவர் வட்டத்தை விட்டு வெளியே வந்து நிற்பார், மூச்சு வந்ததும் மறுபடி உள்ளே நுழைவார். ஏன் நின்றாய் என்று ஒருவரும் கேட்பதில்லை. தனியாக ஆடும்போது இது ஒன்றுதான் கிடைக்காது. வட்டத்தில் இருந்தால் கால் தானாகப் போகும், நேரம் தெரியாது. நீங்களும் எத்தனை நேரம் ஆடினோம் என்று தெரியவில்லை என்றுதானே எழுதியிருக்கிறீர்கள்.

ஒரு குறை சொல்லிவிடுகிறேன். இப்போது கல்யாணங்களில் ஸ்பீக்கரை வைத்து முதல் பாட்டையே கடைசிப் பாட்டின் வேகத்தில் போடுகிறார்கள். என் வயதுக்காரர்கள் இரண்டே நிமிடத்தில் நாற்காலிக்குப் போய்விடுகிறோம்.

பக்கத்து வீட்டு அக்காவை வாரத்தில் இரண்டு நாள் வரச்சொல்லுங்கள். அடி சொல்லித்தர எங்கள் பெண்களுக்குப் பிடிக்கும்.

கோத்தகிரி தையல்:

சிஸ்டர், நீங்கள் எழுதியதைப் படித்ததும் கொஞ்சம் பயந்துவிட்டேன். பாரம் மாதிரி இருந்ததில்லை, மூச்சு மட்டும்தான் என்று நினைக்கிறேன். ஆனாலும் டாக்டரம்மாவிடம் அதே வார்த்தையைச் சொன்னேன். ஈசிஜி எடுத்தார். சரியாக இருக்கிறது, எதற்கும் டிரெட்மில் டெஸ்ட் பார்த்துவிடுவோம் என்று கோவைக்கு எழுதிக் கொடுத்தார். போய் வந்தேன். நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, ஓடுகிற பட்டையில் நடக்கவிட்டார்கள். ஆரம்பமே சரிவாக வைத்திருந்தார்கள். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை சரிவும் கூடுகிறது, வேகமும் கூடுகிறது. மலையிலிருந்து இறங்கிச் சமவெளிக்குப் போயும் எனக்கு ஏற்றம்தான் எழுதியிருக்கிறது. முடிவு நல்லபடியாக வந்தது. பயிற்சி இல்லாத உடம்பு, அவ்வளவுதான், ஆடலாம் என்று சொல்லிவிட்டார்.

மாத்திரை அம்லோடிபின் 5. மக்களைத் தேடி மருத்துவத்தில் அந்தப் பெண் வீட்டுக்கே வந்து கொடுத்துவிட்டுப் போகிறாள்.

குன்னூர் சிஸ்டர்:

இப்போது நிம்மதியாக எழுதலாம். அம்லோடிபின் ரத்தக்குழாயைத் தளர்த்துகிற மாத்திரை, இதயத் துடிப்பைப் பிடித்து வைக்காது. அதனால் நீங்கள் நாடியை நம்பலாம்.

வியர்வையை மறந்துவிடுங்கள். உடம்பு சூட்டை வெளியேற்றுவதற்காக வியர்க்கிறது. உங்கள் ஊர்க் காற்றே அந்தச் சூட்டை எடுத்துக்கொண்டுவிடும். மேட்டுப்பாளையத்தில் ஒருவர் வெறுமனே உட்கார்ந்திருந்தே சட்டையை நனைப்பார், அதற்காக அவர் இதயம் உழைத்தது என்று சொல்ல முடியுமா?

நம்ப வேண்டியது மூச்சை. ஆடிக்கொண்டே பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். ஆனால் அந்தப் பாட்டைக் கூடவே பாட முடியக்கூடாது. பாடுவதற்கு மூச்சை இழுத்துப் பிடித்து மெதுவாக விட வேண்டும், உழைக்கிற உடம்பு அதற்கு இடம் கொடுக்காது. பாட்டும் வருகிறது என்றால் ஆட்டம் போதவில்லை. பேச்சே வரவில்லை, இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு என்றால் அது கடும் உழைப்பு, உங்களுக்கு இப்போது வேண்டாம். பாட்டு ஓடுகிற வேலை என்பதால் ஆட்டத்துக்கு இதைவிட வசதியான அளவுகோல் கிடையாது.

எண்ணிக்கை வேண்டும் என்றால்: 220-லிருந்து வயதைக் கழியுங்கள், 169. அதில் 64 முதல் 76 சதவீதம் வரை மிதமான உழைப்பு, அதாவது நிமிடத்துக்கு 108-லிருந்து 128. ஆட்டத்தை நிறுத்திய உடனே மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் இரண்டு விரலை வைத்து 15 விநாடி எண்ணுங்கள். 27-லிருந்து 32 வந்தால் சரி. தாமதித்தால் நாடி இறங்கிவிடும், கணக்குத் தப்பும். கட்டைவிரலால் தொட்டுப் பார்க்காதீர்கள், அதற்கே ஒரு துடிப்பு உண்டு. இந்த 220 கணக்கு ஒரு மதிப்பீடுதான். ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு முன்னே பின்னே இருக்கும். மூச்சும் எண்ணும் ஒத்துப்போகவில்லை என்றால் மூச்சையே நம்புங்கள்.

எத்தனை நிமிடம் என்று கேட்டீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு. முன்பெல்லாம் ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது இருந்தால்தான் கணக்கில் சேரும் என்பார்கள். அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். ஆகவே ஒரு ரவிக்கைக்கும் அடுத்த ரவிக்கைக்கும் நடுவில் இரண்டு பாட்டு ஆடினாலும் சேரும். தையல்காரருக்கு இதைவிட நல்ல செய்தி என்ன வேண்டும்?

நடைக்குப் பதிலாகுமா என்பதற்கு நான் எப்போதும் சொல்லும் ஒரு உதாரணம். 2008-ல் இத்தாலியில் இதயம் பலவீனமானவர்களை வைத்து ஒரு ஆய்வு. ஒரு கூட்டத்துக்கு வழக்கமான சைக்கிள், டிரெட்மில் பயிற்சி. இன்னொரு கூட்டத்துக்கு வால்ட்ஸ் நடனம், 5 நிமிடம் மெதுவாக, 3 நிமிடம் வேகமாக, மாற்றி மாற்றி 21 நிமிடம், வாரம் மூன்று முறை, எட்டு வாரம். இரண்டு கூட்டத்துக்கும் மூச்சுத்திறன் கிட்டத்தட்ட ஒரே அளவு உயர்ந்தது. நோயாளிகளுக்கே அப்படி. ஹட்டிக்காரன் ஐயா சொன்ன மெதுவும் வேகமும் கலந்த ஆட்டமும் இதே வழிதான், அவர்கள் ஆய்வு செய்யவில்லை என்பதுதான் வித்தியாசம். பிரிட்டனில் 40 வயது தாண்டிய 48,390 பேரின் விவரங்களை வைத்து 2016-ல் இன்னொன்று வந்தது. மிதமான வேகத்தில் ஆடுகிறவர்கள் இதய நோயால் இறப்பது குறைவாக இருந்தது. ஆனால் அதை நான் அளவோடுதான் எடுத்துக்கொள்வேன். உடம்பு நன்றாக இருக்கிறவர்கள்தானே ஆடப் போகிறார்கள்.

உங்கள் ஊருக்கென்று சில விஷயங்கள். குளிரில் ரத்தக்குழாய் சுருங்கியிருக்கும், பிபியும் சற்று ஏறியிருக்கும். எழுந்ததும் வேகப் பாட்டு வேண்டாம். முதல் இரண்டு பாட்டு இடத்திலேயே நடை, தோளை உருட்டுவது, அவ்வளவுதான். கையைத் தலைக்கு மேலே தூக்கி ஆடினால் அதே காலடிக்கு நாடி கூடுதலாக ஏறும். மூச்சு மிஞ்சினால் ஆட்டத்தை நிறுத்தாதீர்கள், கையை இடுப்பில் வைத்துக்கொண்டு காலை மட்டும் போடுங்கள். முடிக்கும்போதும் சட்டென்று நின்றுவிட்டால் காலில் ரத்தம் தங்கித் தலை சுற்றும், ஒரு மெதுவான பாட்டை நடந்தே முடியுங்கள். முட்டிக்குக் குதியே வேண்டாம். எப்போதும் ஒரு கால் தரையில் இருக்கட்டும். இறக்கத்தில் உங்கள் முட்டி பிடிப்பதற்குக் காரணம், உடம்பின் எடையைத் தொடைத் தசை நீண்டுகொண்டே தாங்க வேண்டியிருப்பது. வீட்டுத் தரையில் அந்தத் தொல்லை இல்லை. உங்கள் இடத்தில் நடையைவிட ஆட்டமே நல்லது என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம். பாட்டை மாற்றினால் உழைப்பின் அளவு மாறும். கோத்தகிரி ரோட்டை மாற்ற முடியாது.

கூடலூர் பையன்:

சிஸ்டர், குறுக்கே ஒரு சந்தேகம். என் அம்மாவுக்கு 63. எஸ்டேட்டில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். எங்கள் லயத்துப் பெண்கள், அதாவது எஸ்டேட் வரிசை வீட்டுப் பெண்கள், ஆறு பேர் சேர்ந்து சாயங்காலம் கும்மி அடிக்கிறார்கள், திருவிழாவுக்கு என்று ஆரம்பித்தது, இப்போது திருவிழா முடிந்தும் விடவில்லை. எங்கள் ஊர் கீழே இருப்பதால் வியர்வைக்குக் குறைவில்லை. ஆனால் அம்மாவின் நாடி 95-ஐத் தாண்டவே மாட்டேன் என்கிறது. வாட்சைப் பார்த்துவிட்டு இன்னும் வேகமாக ஆடுங்கள் என்று நான்தான் விரட்டுகிறேன். மாத்திரை மெட்டோப்ரோலால்.

குன்னூர் சிஸ்டர்:

தம்பி, விரட்டாதே. மெட்டோப்ரோலால், அட்டெனலால் மாதிரி மாத்திரைகள் நாடிக்கு மூக்கணாங்கயிறு போட்ட மாதிரி. இதயம் உழைத்தாலும் எண் ஏறாது. இதற்காகத்தான் இந்த அம்மாவிடம் மாத்திரை பெயரைக் கேட்டேன். உன் அம்மாவுக்கு 220 கணக்கு செல்லாது, வாட்சைக் கழற்றி வை. கும்மி அடிக்கும்போது பேச்சு வருகிறதா, பாட்டு திணறுகிறதா என்று மட்டும் பார். நாடி ஏற வேண்டும் என்று மாத்திரையை நிறுத்திவிடாதே, அது ஆபத்து.

கூடலூர் பையன்:

அவர்கள் பாடிக்கொண்டேதானே கும்மி அடிக்கிறார்கள்?

குன்னூர் சிஸ்டர்:

ஒருத்தி பாட, மற்றவர்கள் திருப்பிப் பாடுவார்களே, அந்த இடைவெளியில் மூச்சு பிடித்துக்கொள்வார்கள். அடுத்த முறை உன் அம்மாவையே முழுப் பாட்டையும் பாடச்சொல். அடி எடுத்துக் கொடுத்துக்கொண்டே ஆடட்டும். தெரிந்துவிடும்.

ஏரிக்கரை நடையன்:

பதினோராம் நாள் என்று நான் எழுதியதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டாம். போன வாரம் மூன்று நாள் காட்டெருமைக் கூட்டம் ஏரிப் பக்கம் இறங்கிவிட்டது, நடை கிடையாது. மனைவி பாட்டுப் போட்டாள். முழு விவரம் எழுத மாட்டேன்.

கோத்தகிரி தையல்:

ஏழு வாரம் ஆகிவிட்டது, சொன்னபடி எழுதுகிறேன். முதல் வாரம் இரண்டு பாட்டு, அதாவது ஒன்பது நிமிடம், அதற்கே போதும் என்றிருந்தது. இப்போது காலையில் மூன்று, மதியம் கட்டிங் முடிந்ததும் இரண்டு, விளக்கு வைப்பதற்கு முன் இரண்டு. நோட்டில் துணி அளவு எழுதுகிற பக்கத்திலேயே எழுதி வைக்கிறேன். வாரத்துக்கு 160 நிமிடம் வருகிறது. 15 விநாடிக்கு 29, 30 என்று நிற்கிறது. ஆரம்பத்தில் அதே பாட்டுக்கு 34 போனது.

செவ்வாயும் சனியும் பக்கத்து வீட்டு அக்கா வருகிறார். அவர் ஆடுகிற அடியில் இடுப்பு, கை எல்லாம் அசைவதே தெரியாது, ஆனால் கால் நிற்காது. எனக்குக் கையை வீசாமல் ஆட வரவில்லை. உன் கை ஊசி கோக்கிற மாதிரியே போகிறது என்று சிரிக்கிறார்.

பிபி போன வாரம் 134/86. உப்பையும் குறைத்தேன், மாத்திரையும் போடுகிறேன், அதனால் எது செய்த வேலை என்று எனக்குத் தெரியாது. டாக்டரம்மா மூன்றையும் தொடரச் சொன்னார். 84 படியில் முன்பு இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குவேன். இப்போது 60-க்குப் பக்கத்தில் ஒரு இடம். அங்கே ஒரு ஹைட்ரேஞ்சியா செடி இருக்கிறது, அதைப் பார்க்கிற மாதிரி நிற்கிறேன்.

இரண்டு பிரச்சினை. ரெட் ஆக்சைடு தரை, குளிர் தாங்காமல் சாக்ஸ் போட்டு ஆடினேன், நேற்று வழுக்கி மெஷினைப் பிடித்துத் தப்பினேன். இன்னொன்று, எங்கள் வீடு தகரக் கூரை. மழை பிடித்தால் செல்போன் பாட்டு சுத்தமாகக் கேட்பதில்லை.

குன்னூர் சிஸ்டர்:

சாக்ஸ் வேண்டவே வேண்டாம். ரப்பர் அடி வைத்த கேன்வாஸ் ஷூ, வீட்டுக்குள் மட்டும் போடுகிற மாதிரி ஒன்று. 34-லிருந்து 30-க்கு இறங்கியதைச் சும்மா விடாதீர்கள். அதே பாட்டுக்கு நாடி குறைவாக ஓடுகிறது என்றால் இதயம் ஒரு துடிப்புக்கு முன்பைவிட அதிக ரத்தம் தள்ளுகிறது என்று அர்த்தம். இது மேலும் இறங்கி 27-க்குக் கீழே போனால் கொஞ்சம் வேகமான பாட்டுக்கு மாறுங்கள்.

ஹட்டிக்காரன்:

மழைக்குப் பாட்டு எதற்கு? யாராவது தட்டினால் போதும்.

கோத்தகிரி தையல்:

வீட்டுக்காரர் நேற்று அதைத்தான் செய்தார். சோற்றுத் தட்டைக் கவிழ்த்து வைத்துக் கரண்டியால் தட்டினார். தாளம் மூன்றாவது நிமிடமே தப்பிவிட்டது, ஆனால் நிறுத்தவில்லை.